மின்னலின் குளம்புக்குப் பொருந்திய பூட்ஸ்: மூன்று வருஷம், மூன்று ஜோடி

என் குதிரை மின்னலுக்கு லாடத்தைக் கழற்றி மூன்று வருஷம் தாண்டிவிட்டது. மண்ணிலும் புல்லிலும் வெறுங்குளம்போடு நன்றாகவே நடக்கிறாள். ஜல்லி கொட்டிய பாதை வந்தால்தான் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பாள், ஓரத்துப் புல்லைத் தேடி ஒதுங்குவாள். அந்த மாதிரிப் பாதைகளுக்காகவே பூட்ஸ் வாங்கினேன். முதல் இரண்டு ஜோடியும் சரிப்படவில்லை. மூன்றாவது ஜோடியோடு இரண்டு வருஷமாகச் சவாரி போகிறேன்.

முதல் ஜோடியில் தப்பு முழுக்க என் அளவெடுப்பில்தான். குளம்பின் நுனியில் தொடங்கி, பின்னால் மெத்தென்று உருண்டிருக்கும் குதிகால் சதை வரை டேப் வைத்து அளந்தேன். அப்படி அளக்கக் கூடாது. குதிகால் பக்கம் குளம்புச் சுவர் இரண்டு பக்கமும் முடிகிற இடத்தை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு, நுனியிலிருந்து அந்தக் கோடு வரைதான் நீளம். அகலம் என்பது அடிப்பக்கத்தில் மிக அகன்ற இடம். காலைத் தூக்கி, சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, வளையாத ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். துணி டேப் குளம்போடு வளைந்து கொடுக்கும், கணக்கு தப்பிவிடும். இன்னொன்று, நான் வலது காலை மட்டும் அளந்தேன். பிறகு பார்த்தால் மின்னலின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் அகலத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். நிறைய குதிரைகளுக்கு ஒரு குளம்பு அகன்றும் மற்றது கொஞ்சம் செங்குத்தாகவும் இருக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியே அளந்தே ஆக வேண்டும். அளவு கூடிப்போன அந்த பூட்ஸ் டிராட்டில், அதாவது மெல்லோட்டத்தில், பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். சேற்றில் கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும்.

இரண்டாவது ஜோடி அளவில் சரி, வடிவத்தில் தப்பு. முன்னங்குளம்பு பொதுவாக வட்டமாகவும் பின்னங்குளம்பு கொஞ்சம் கூர்மையாகவும் இருக்கும் என்பார்கள். மின்னலுக்கு முன்னங்குளம்பும் அகலத்தைவிட நீளம் அதிகம். பூட்ஸோ வட்ட வடிவம். நீளம் பொருந்தியது, இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்தது. விற்றவரிடம் சொன்னேன். போகப்போகப் படிந்துவிடும் என்றார், நம்பினேன். ஒரு நாள் சுமார் 12 கிலோமீட்டர் போய்விட்டு வந்து கழற்றும்போது மின்னல் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பிடி மணல். குதிகாலுக்கு மேலே மயிர் போய், நாணயம் அளவுக்குத் தோல் ரோஜா நிறத்தில் உரிந்து, ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. விரல் கிட்டே போனதுமே உடம்பு நடுங்கியது அவளுக்கு. இடைவெளி வழியாக மணல் புகுந்து, பூட்ஸ் அசைய அசைய அரைத்திருக்கிறது. இரண்டு வாரம் சவாரியே இல்லை. அந்தக் காயத்துக்கு நான்தான் பொறுப்பு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

குளம்பு சீவ வருகிறவரிடம் காட்டினேன். பூட்ஸைக் கையில் வாங்கக்கூட இல்லை, காலைத்தான் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, முன்னால நீண்டு போயிருக்கு, ஓரமெல்லாம் விரிஞ்சிருக்கு. இந்தக் குளம்புக்கு எந்த பூட்ஸ் மாட்டினாலும் ஆடத்தான் செய்யும்.”

“அப்ப என்னண்ணே செய்யறது?”

“நான் அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை வரேன். நடுவுல நீங்க அரத்தை வச்சு ஓரத்தை லேசா தேய்ச்சு விடுங்க. அடியில மட்டும் கை வைக்காதீங்க. ரெண்டு தடவை சீவினப்புறம் அளவு எடுப்போம்.”

என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். சீவிய மறுநாள் கச்சிதமாக உட்கார்ந்த பூட்ஸ், ஆறாவது வாரம் உள்ளே இறங்கவே மறுக்கும். அளவு எடுப்பது சீவிய சில நாட்களுக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு சீவும் இடைவெளியை நீள விடக் கூடாது. பத்து வாரம் கழித்து அளந்தபோது விரிவு குறைந்து, முன்பு எழுதி வைத்த அகலத்தில் 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பழைய அளவிலேயே வாங்கியிருந்தால் மூன்றாவது ஜோடியும் வீண்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஈஸிபூட், கவல்லோ, ஸ்கூட் பூட், ரெனிகேட் என்று ஒவ்வொரு பூட்ஸ் பிராண்டும் தன் அளவு அட்டவணையைத் தனியாகப் போட்டிருக்கிறது. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்க முடியாது, மில்லிமீட்டர்தான் பொது. சில நிறுவனங்கள் போட்டுப் பார்ப்பதற்கென்றே வெறும் கூடு மாதிரி பல அளவுகளில் தருகின்றன. கிடைத்தால் விடாதீர்கள். மூன்று அளவு மாட்டிப் பார்த்தேன். காலைத் தூக்கி, பூட்ஸின் அடியைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகினால் குளம்போடு சேர்ந்தே திரும்ப வேண்டும். மேல் விளிம்பு, குளம்பும் மயிரும் சேரும் இடத்தை அழுத்தக் கூடாது. எனக்கு ரொம்ப உதவியது ஒரு சாக்பீஸ் கோடு: பூட்ஸின் நடுவுக்கு நேராகக் குளம்புச் சுவரில் ஒரு கோடு இழுத்துவிட்டு, வட்டமாக நடத்தி, கொஞ்சம் டிராட் விட்டு, ஒரு சரிவில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கோடு நகரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் இருபது நிமிஷம்தான் போட்டேன். தண்ணீரில் நடப்பதுபோலக் காலை உயர உயரத் தூக்கினாள், பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவையும் கழற்றியதும் குதிகாலையும் வார் படும் இடத்தையும் கையால் தடவிப் பார்ப்பேன், கண்ணுக்குத் தெரியாத சூடு விரலுக்குத் தெரியும். வெல்க்ரோ வைத்ததைவிட ரப்பர் வார் மாட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வெல்க்ரோவில் புல் விதையும் சேறும் அடைந்து பிடிமானம் போய்விடுகிறது. கழற்றியதும் கழுவி, நன்றாகக் காயவைக்கிறேன். ஈரத்தோடு மறுநாள் மாட்டினால் குளம்பின் அடியில் அழுகல் வர இடம் கொடுத்தது போலாகும். பின்னங்கால்களுக்கு வாங்கவில்லை. குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. மின்னலுக்கு இதுவே போதுமாக இருக்கிறது.

இரண்டு வருஷத்தில் வார் இரண்டு மாற்றினேன், அடிப்பாகம் இன்னும் தாங்குகிறது. போன வாரம் இடது பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தபோது வெளி ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பக்கம் முதலில் ஊன்றுகிறாள் என்று அர்த்தம். பூட்ஸைக் கழுவாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், அண்ணன் அடுத்த தடவை சீவ வரும்போது காட்ட.