ஜெனிசிஸில் என்.பி.ஏ. ஜாம்: எட்டு வருடம் விளையாடிய பிறகு

ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது, செகா ஜெனிசிஸ் என்ற பழைய வீடியோ விளையாட்டுக் கன்சோலோடு சேர்த்து, என்.பி.ஏ. ஜாம் என்ற இந்தக் கூடைப்பந்து ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜையும் வாங்கினேன். எட்டு வருடம் ஆகிறது. கொண்டுவந்து போட்டால் வெறும் கறுப்புத் திரை. பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்து, கார்ட்ரிட்ஜின் அடியிலுள்ள உலோகப் பற்களைத் துடைத்தேன். நாலாவது குச்சியிலும் அழுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை.

மிட்வே நிறுவனம் 1993இல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு விளையாடும் கடை இயந்திரங்களுக்கு, செய்த ஆட்டம் இது. 1994 மார்ச்சில் வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தது. பக்கத்துக்கு இரண்டே பேர். ஃபவுல் கிடையாது. வேகம் கூட்டும் டர்போ பொத்தானை அழுத்திக்கொண்டு எதிராளியைத் தள்ளி விழுத்தலாம், கேட்க ஆளில்லை. கூடைக்கு இறங்கும் பந்தைத் தட்டக்கூடாது என்ற விதியை மட்டும் மறக்காமல் பிடிப்பார்கள்.

ஒரே ஆள் தொடர்ந்து மூன்று கூடை போட்டால் பந்தில் தீப்பிடிக்கும். இரண்டாவது விழுந்ததுமே வர்ணனையாளர் டிம் கிட்ஸ்ரோ எச்சரித்துவிடுவார். அந்த நொடியிலிருந்து எதிரில் இருப்பவருக்குத் தாக்குப்பிடிக்க ஒரே வழி, நீங்கள் பந்தைத் தொடவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பது. தீப்பிடித்துவிட்டால் டர்போ தீராது, நடுக்கோட்டிலிருந்து எறிந்தாலும் பெரும்பாலும் விழும். எதிரணி ஒரு கூடை போட்டால் அணைந்துவிடும். அக்கா மகனோடு விளையாடும்போது இந்த இடத்தில்தான் சத்தம் கூடும். ஜெனிசிஸில் குரல் கொஞ்சம் கரகரப்பு; அதன் போட்டிக் கன்சோலான சூப்பர் நின்டென்டோவில் இதைவிடத் தெளிவு. எனக்குப் பழகிவிட்டது.

எறிவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. ஆள் எம்பி உச்சிக்குப் போகும் கணத்தில் பொத்தானை விடவேண்டும். முதல் ஒரு வருடம் எனக்குப் பாதி எறிகள் தவறின. கை சரியில்லை என்றே நினைத்தேன். கடைசியில் பார்த்தால் தட்டைத் திரை தொலைக்காட்சி படத்தைச் சற்றுப் பிந்திக் காட்டியிருக்கிறது. யாரோ வீதியோரம் போட்ட பழைய குழாய்த் தொலைக்காட்சியைத் தூக்கி வந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் பந்து விழத் தொடங்கியது.

தனியாக விளையாடினால் ஒரு மாதத்தில் சலிக்கும். நீங்கள் பத்துப் புள்ளி முன்னுக்குப் போனால் கணினி திடீரென்று எல்லாவற்றையும் போடும், உங்கள் எறிகள் வளையத்தில் பட்டுத் தெறிக்கும். அமைப்புகளில் இந்தக் கணினி உதவியை நிறுத்தலாம். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். வடிவமைப்பாளர் மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். ஆர்கேடில் அவர்களோடு நெருக்கமாகப் போகும் ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ் கடைசியில் எறிவது தவறும்படி எழுதிவைத்ததை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவரிடம் நியாயம் கேட்க முடியுமா?

மொத்தம் 27 அணி. எல்லாரையும் வெல்ல எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. மூன்று எழுத்துப் பெயரைக் கொடுத்தால் வென்ற கணக்கை கார்ட்ரிட்ஜே நினைவில் வைத்திருக்கும். அதற்கு பட்டரி இல்லை, சிறு சிப்தான். இத்தனை வருடத்திலும் அழியவில்லை.

மருமகன் முதலில் தேடியது ரொறன்ரோ ராப்டர்ஸை. அவர்கள் 1995இல்தான் வந்தார்கள் என்று சொன்னேன். அடுத்து மைக்கேல் ஜோர்டனைத் தேடினான். அவரும் இல்லை, தன் பெயர், உருவ உரிமையைத் தனியாக வைத்திருந்தவர் அவர். புல்ஸில் பிப்பனும் ஹொரஸ் கிராண்டும்தான். ஆனால் ரகசியக் குறியீடு போட்டால் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் வந்து, எம்பிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் அடிப்பார். ஜோர்டனை எடுக்க முடியாத ஆட்டத்தில் ஜனாதிபதியை எடுக்கலாம் என்பதை அவன் இன்னும் நம்பவில்லை.

நாலு பேர் விளையாட அடப்டர் வேண்டும், நான் வாங்கவில்லை. இரண்டாவது கைப்பிடியின் டர்போ பொத்தான் போன வருடத்திலிருந்து ஒட்டுகிறது. கழற்றி ரப்பரை மாற்றினால் சரி. "மாமா, நீங்கள் அதை எடுங்கோ" என்று மருமகன் ஒவ்வொரு முறையும் அதையே என்னிடம் நீட்டுகிறான்.