ஹாலோவீன் பிகாச்சு: ஹுடியா, ஃப்ளீஸ் தையலா, அட்டைப்பெட்டியா?

ஹாலோவீன் என்றால் அக்டோபர் 31 இரவு, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் நாள். அதற்குப் பிகாச்சு (போகிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் உருவம்) உடையைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்வது என்று முடிவாகிவிட்டால், முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மஞ்சள் ஹுடி (ஹுட் என்ற தலைமூடி வைத்த மேல்சட்டை) ஒன்றை வாங்கி அதில் காது, வால், கோடுகளைச் சேர்ப்பது ஒன்று. பேட்டர்ன் (வெட்டுவதற்கான அளவுத்தாள்) வைத்து, மெத்தென்ற ஃப்ளீஸ் துணியில் முழு உடையையும் தைப்பது இன்னொன்று. பெரிய அட்டைப்பெட்டியை வெட்டி வர்ணம் அடித்துத் தோளில் மாட்டிவிடுவது மூன்றாவது. நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வடக்கே, குளிருக்குப் பெயர்போன மினியாபொலிஸ் பக்கம். ஐந்து வயது மகளுக்கு நான் செய்தது ஹுடி. அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அட்டையை முதலில் முடித்துவிடலாம். செலவு ஒன்றுமில்லை. ரோபோ, மைன்கிராஃப்ட் மாதிரி சதுரமான உருவம் என்றால் அட்டைதான் அரசன். ஆனால் பிகாச்சு உருண்டை. அதோடு பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையால் உட்கார முடியாது, தன் காலைப் பார்க்க முடியாது. இங்கே பல வீட்டு வாசலிலும் படிக்கட்டு. தூறல் விழுந்தால் கதை முடிந்தது.

அழகு மட்டும் பார்த்தால் ஃப்ளீஸுக்குத்தான் முதல் பரிசு. நிஜப் பொம்மை நடந்து வருவது போலவே இருக்கும். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது என்பதால் மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். இழுபடும் துணி என்பதால், நிட் (பின்னல்) துணிக்கென்று விற்கும் முனை மழுங்கிய ஊசி வேண்டும். பேட்டர்ன் உறையில் போட்டிருக்கும் சைஸ் எண்ணைக் கடைச் சட்டையின் எண் என்று நினைக்காமல், மார்பளவைப் பார்த்து வெட்ட வேண்டும். என் தையல் எல்லாம் பட்டன் வைப்பது, ஓரம் மடிப்பது என்ற அளவில்தான். ஃப்ளீஸ் பற்றி இங்கே சொல்வது, தன் மகனுக்குத் தைத்த தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. இன்னொன்று, 2025இல் ஜோஆன் என்ற துணிக்கடைச் சங்கிலியின் கடைகள் எல்லாம் மூடப்பட்ட பிறகு, துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குவது முன்புபோல் சுலபமில்லை.

சரி, எனக்கு முடிவைக் கொடுத்தது அழகும் இல்லை, செலவும் இல்லை. குளிர்.

நம் ஊர் மாறுவேடப் போட்டியில் பாரதியார் மேடையில் நிற்பது ஐந்து நிமிடம். மீசை ஒட்டியிருந்தால் போதும். ஹாலோவீன் அப்படியில்லை. இருட்டியபின் வீடு வீடாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடை. அக்டோபர் கடைசியில் இங்கே இரவு 2, 3 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது சாதாரணம். 1991இல் ஹாலோவீன் அன்று தொடங்கிய பனிப்புயல் மினியாபொலிஸில் 28 அங்குலத்துக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. இந்த ஊரில் கொஞ்சம் வயதான யாரிடம் ஹாலோவீன் என்றாலும் பேச்சு அதில்தான் போய் நிற்கும். அன்றைக்குப் பனியில்லாவிட்டாலும் காற்று அடித்தால் அம்மாக்கள் ஜாக்கெட்டைத் தூக்கி உடைக்கு மேலே மாட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில் செய்த வேலை உள்ளே ஒளிந்துகொள்ளும். அப்புறம் அது பிகாச்சுவா வாழைப்பழமா என்று யாருக்குத் தெரியும்?

ஹுடியை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. ஜாக்கெட் உள்ளே, ஹுடி வெளியே. கம்பளிக் குல்லாவின் மேல் ஹுட். வயிறு உப்பித் தெரியும், பிகாச்சுவுக்கு அது பொருத்தம்தான். வெயிலடித்த நாள் என்றால் உள்ளே டி-ஷர்ட் போதும். பள்ளி ஹாலில் புழுங்கினால் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். காரில் ஏறும்போதும் இதே வசதி. தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட் பெல்ட் போடக்கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதால், இறங்கியபின் உள்ளதும் மேலதுமாக மாட்டிவிட்டேன். ஃப்ளீஸ் உடையையும் பெரிதாகத் தைக்கலாம்தான். ஆனால் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பு, ஒரே ஜிப். பாதி வழியில் “அம்மா, பாத்ரூம்” என்று பிள்ளை சொல்லும்போதுதான் அதன் விலை தெரியும்.

ஃப்ளீஸ் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: நெருப்பு. வாசற்படிகளில் பூசணி விளக்கு இருக்கும், சில வீடுகளில் உள்ளே நிஜ மெழுகுவர்த்தி. பாலியெஸ்டர், நைலான் போல எளிதில் தீப்பற்றாத துணிகளைத் தேர்ந்தெடுங்கள் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. ஃப்ளீஸ் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். ஹுடி வாங்கும்போது லேபிளைப் பார்த்து, பருத்தி குறைந்ததாக எடுங்கள். வால் படியில் தொங்காமல் மேல்நோக்கி நிற்கட்டும்.

வேலை என்று பார்த்தால்: காதுக்குள் பஞ்சு அடைத்தால் எடையில் ஹுட் பின்னால் சரியும். மெல்லிய ஃபோம் ஷீட் போதும். காது நுனியில் கறுப்பு, முதுகில் இரண்டு பழுப்புக் கோடு, இரண்டுக்கும் ஃபெல்ட் (இழையை அழுத்திச் செய்த தடித்த துணி). ஹாட் க்ளூ (உருக்கி ஒட்டும் பசை) என்றால் வேகமாக முடியும், ஆனால் வாஷிங் மெஷினில் நம்ப முடியாது. கையால் ஓட்டுத் தையல் போட்டால் நிற்கும், நவம்பரில் பிரித்தெடுத்தால் ஹுடி மறுபடி வெறும் ஹுடி. இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பசை வேண்டுமென்றால் ஃபெல்ட் மேல் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். அக்ரிலிக் ஃபெல்ட் நேரடிச் சூட்டில் உருகும். முகமூடி வேண்டாம், கண்ணை மறைக்கும். கன்னத்தில் சிவப்பு ஃபேஸ் பெயின்ட் வட்டம் போதும், முதல் நாளே கையில் கொஞ்சம் பூசிப் பார்த்துவிடுங்கள்.

வாலை வெட்டுமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பெண் பிகாச்சுவின் வால் நுனி இதய வடிவில் பிளந்திருக்கும். நமக்குத் தெரியாது, அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.