ஆறு வாரம் அம்பத்தூரில்: தம்பியின் டே கேர், அம்மாவின் மறதி

என் மகளுக்குப் பதினைந்து வயதில் மனச்சோர்வு கடுமையானபோது நியூ ஜெர்சியில் ஒரு மையத்தில் சேர்த்தோம். பள்ளி விட்டதும் நேராக அங்கே போவாள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், மொத்தம் ஒன்பது வாரம். இரவு வீட்டுக்கு வந்து தன் கட்டிலில் படுத்துக்கொள்வாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஒன்பது வாரம்தான் அவளை மீட்டது என்று இன்றும் நம்புகிறேன்.

அமெரிக்காவில் இதற்கு 'இன்டென்சிவ் அவுட்பேஷன்ட் புரோகிராம்' என்று தனிப் பெயரும், தனிக் கணக்கும் உண்டு. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 9 மணி நேரம், பதின்ம வயதினருக்கு 6 மணி நேரம். போதை சிகிச்சைக்கென்று வகுத்த அளவு அது. மனநலத்துக்கும் ஏறக்குறைய அதையே பின்பற்றுகிறார்கள். ஒரு பக்கம் மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்ப்பது, மறுபக்கம் வார்டில் சேர்ப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு படி. இந்த முறை ஊருக்கு, சென்னை அம்பத்தூருக்குப் போனபோது தம்பிக்காக அந்த நடுப்படியைத் தேடினேன்.

தம்பிக்கு இப்போது 34 வயது. 23 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. பல மருந்துகள் மாற்றியும் அவன் காதில் மட்டும் கேட்கிற குரல்கள் நிற்காமல், இரண்டு வருடம் முன்பு குளோசபின் கொடுத்தார்கள். அது ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. அந்த 18 வாரமும் தம்பி ஒழுங்காகக் குளித்து, சட்டை மாற்றி, லேபுக்குப் போய் வந்தான் என்று அம்மா போனில் சொல்வார். பரிசோதனை மாதம் ஒன்றானதும் அந்த நடையும் நின்றுபோனது. குரல்கள் அடங்கிவிட்டன, ஆனால் காலையில் எழுந்தால் மறுபடி படுக்கைதான். "சோம்பேறி ஆயிட்டான்" என்பது சொந்தக்காரர்களின் தீர்ப்பு. அது சோம்பல் இல்லை, நோயின் இன்னொரு முகம். மருந்து குரல்களை நிறுத்துகிற அளவுக்கு இதைத் தொடுவதில்லை. இதற்கு மனிதர்களும் நேரமும் வேண்டும்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. பெயர் வேண்டாம். இரண்டு மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிடம் டாக்டரைப் பார்த்தோம். "வாரத்துக்கு மூணு நாள் வந்து போற மாதிரி ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். "வேணும்னா அட்மிஷன் போட்டுடலாம்மா, இல்லேன்னா அடுத்த மாசம் வாங்க" என்றார். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அட்மிஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கை என் கையைப் பிடித்தது. முன்பு ஒரு முறை ஏழு வாரம் பூட்டிய கதவுக்குள் இருந்தவன் அவன்.

இத்தனைக்கும் சென்னைக்கு இது புதிய துறை இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன். மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக அவர் 1984இல் தொடங்கியதுதான் ஸ்கார்ப். மனநோயோடு தெருவில் விடப்பட்ட வீடற்ற பெண்களுக்காக 1993இல் பேன்யன் என்ற அமைப்பு வந்தது. வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்குவது பல பத்தாண்டு வழக்கம். இவ்வளவு இருந்தும் சாதாரண ஓ.பி. டாக்டர் ஒருவர் "டே கேர்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வார்த்தையை எனக்குச் சொன்னவர் ரத்தப் பரிசோதனை லேபில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. அவர் மகனும் குளோசபின் சாப்பிடுகிறவர்.

கடைசியில் தம்பியைச் சேர்த்த டே கேர் இரண்டு மாடி வீடு ஒன்றில் நடக்கிறது. காலை ஒன்பதரை முதல் மூன்றரை வரை. வந்ததும் ரிஜிஸ்டரில் தானே கையெழுத்துப் போட வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, அப்புறம் ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் பேசுவார்கள். பிறகு வேலை: காகிதக் கவர் ஒட்டுவது, தையல், சமையலறையில் காய் நறுக்குவது. மாதக் கடைசியில் சின்ன ஊக்கத்தொகை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் குழுவாக உட்கார்ந்து பேச்சு, இல்லையென்றால் கேரம். வாரம் ஒரு நாள் வெளியே அழைத்துப் போய் ஏதாவது செய்யச் சொல்வார்கள். தம்பியின் முதல் பாடம் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் படிவம் கேட்டு வாங்கி நிரப்புவது. பி.காம். படித்தவனுக்கு இதுவா என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கு, பதினொரு வருடத்தில் அவன் முதல் முறையாக முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் பேசிய நாள் அது.

வயது பார்த்துத் தனித்தனிக் குழு அங்கே இல்லை. இருபது வயதுப் பையனும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் ஒரே பெஞ்சில் கவர் ஒட்டுகிறார்கள். இது எனக்கு உறுத்தியது. இருபது வயதுக்காரனுக்குத் திரும்பக் கல்லூரி போவதுதான் சிகிச்சை. அவனுக்குக் கவர் ஒட்டும் வேலை எதிர்காலத்தைச் சின்னதாக்கிக் காட்டும். அங்கிருந்த சோசியல் ஒர்க்கரிடம் சொன்னேன். "தெரியும்க்கா, ஆளில்லை" என்று நேராகவே பதில் சொன்னார்.

முதல் வாரம் தம்பியோடு நானும் பஸ்ஸில் போனேன். இரண்டாவது வாரம் அதே பஸ்ஸில் நான் பின் சீட்டில். மூன்றாவது வாரம் அவன் மட்டும். நிறுத்தத்தில் நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து வந்து சேரும்வரை அழுதேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தாருக்குக் கூட்டம். மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது, எதைச் சொல்லித் திட்டக்கூடாது, நோய் திரும்புகிறது என்பதற்கு முன்னடையாளம் எது என்று எல்லாம் பேசுகிறார்கள். சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஆரம்பகட்ட மனநோய்க்கான சிகிச்சையை இரண்டு ஆண்டு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையோடு கூடுதலாக ஒட்டி நின்றார்கள். தம்பிக்கு இருப்பது போன்ற மந்தநிலை அங்கே நன்றாகவே குறைந்தது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. ரிட்டயரான அப்பாக்கள், வேலைக்கு அரை நாள் லீவு போட்ட அக்காக்கள். மருத்துவமனை தராத நடுப்படியை இவர்கள் தோளில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தோள் அம்மா. அவருக்கு 76 வயது. நான் போன பத்தாவது நாள் தம்பியின் மாத்திரையை ஒரே இரவில் இரண்டு முறை எடுத்துக் கொடுக்கப் போனார். குளோசபின் அப்படி விளையாடுகிற மருந்து இல்லை. அன்றைக்குத்தான் அம்மாவின் மறதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று புரிந்தது. கிண்டியில் 2024இல் திறந்த முதியோர் மருத்துவமனை இருக்கிறது. அது பற்றி விசாரிப்பதற்குள் தெரிந்தவர் மூலம் ஒரு நினைவாற்றல் கிளினிக்கில் நேரம் கிடைத்துவிட்டது. ரத்தச் சோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, ஆரம்பநிலை மறதி நோய் என்றார்கள். அங்கிருந்த பெண் அம்மாவிடம் பல்லாங்குழி ஆடத் தெரியுமா என்று கேட்டு, தினமும் ஆடச் சொன்னார். பூ கட்டுவது, கோலத்துக்குப் புள்ளி எண்ணி வைப்பது, பழைய போட்டோவில் இருப்பவர்கள் பெயர் சொல்வது. எல்லாம் வீட்டிலேயே. முதியவர்களைப் பகலில் விட்டுவர ஓர் இடம் எங்கள் பக்கத்தில் தேடிக் கிடைக்கவில்லை. இப்போது மாத்திரையை நாள்வாரி டப்பாவில் தம்பிதான் போடுகிறான், அம்மாவுக்கும் சேர்த்து.

பதின்ம வயதினருக்குத்தான் இடைவெளி மிக ஆழமாகத் தெரிந்தது. விழுப்புரத்தில் இருக்கும் சித்தப்பா மகளின் பெண் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். கையைக் கீறிக்கொள்கிறாள். என் மகளுக்குக் கிடைத்த அந்த மாலை நேரம் இவளுக்கு இல்லவே இல்லை. ஐந்தரை வரை ஸ்பெஷல் கிளாஸ், அப்புறம் டியூஷன். கவுன்சிலிங் என்றால் ஒரு நாள் பள்ளிக்கு லீவு, பஸ் பிடித்துப் புதுச்சேரி. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் டாக்டர் வருகிறார், மாத்திரை இலவசம். ஆனால் மாத்திரையைவிட அவளுக்கு வேண்டியது அதே வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து பேசுவது. 2022இல் தொடங்கிய அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி மானஸ் எண் 14416 அவள் போனில் இருக்கிறது. தமிழிலேயே பேசுகிறார்கள், காசு கிடையாது, இரவிலும் எடுக்கிறார்கள். அவள் இரண்டு முறை அழைத்திருக்கிறாள். அதற்கு நன்றி சொல்கிறேன். டியூஷனில் ஒரு பாடத்தை நிறுத்தச் சொல்லி அவள் அப்பாவிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போன முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒரு இடம் சரிவருமா என்று தெரியவே மூன்று வாரம் ஆகிறது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு பைலில் வையுங்கள். இன்சூரன்ஸை நம்பிப் போகாதீர்கள்: 2017 மனநலச் சட்டம் உடல் நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், டே கேர் நம் கையிலிருந்துதான். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நாங்கள் இத்தனை வருடம் வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமல் இருந்தோம், அது தவறு.

மையத்தில் நான் கேட்ட கேள்விகளில் முக்கியமானது ஒன்றுதான். "ஒரு நாள் அவன் வரலைன்னா நீங்க போன் பண்ணுவீங்களா?" மூன்று இடங்களில் இதைக் கேட்டேன். இரண்டு இடங்களில் யோசித்தார்கள். மூன்றாவது இடத்தில் "பத்து மணிக்குள்ள பண்ணிடுவோம்" என்றார்கள். அங்கேதான் சேர்த்தேன்.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாதக் கூட்டத்தில் வீடியோவில் நானும் இருக்கிறேன்; நேர வித்தியாசம் பார்த்து அவர்களே எனக்காக மாலைக்கு மாற்றினார்கள். போன செவ்வாய் சென்னையில் நல்ல மழை, தம்பி கிளம்பவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு அம்மா போனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அம்மா பேச்சை மறந்துவிட்டு போனை அவனிடம் கொடுத்திருக்கிறார். "நாளைக்கு வரேன்" என்று அவனே சொல்லியிருக்கிறான். புதன்கிழமை போனான்.