எக்ஸெல், சர்பாஸ்: எதை எங்கே எழுதுவது?

இரண்டுமே சிறந்து விளங்குவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள்தாம். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

சர்பாஸ் என்றால் மிஞ்சுதல். யாரை, எதை மிஞ்சினார் என்று சொல்லியாக வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். அதுவரை உலக சாதனை 8.35 மீட்டர். அந்த அளவை அவர் தாண்டியதைச் சொல்ல சர்பாஸ் கச்சிதமான சொல்.

எக்ஸெல் அப்படியல்ல. அதற்குப் பொதுவாகச் செயப்படுபொருள் வேண்டியதில்லை. ஒருவருடைய திறமையை மட்டும் சொன்னால் போதும். "ஷி எக்ஸெல்ஸ் அட் செஸ்" என்றால் அவள் சதுரங்கத்தில் மிகச் சிறந்தவள்; யாரைத் தோற்கடித்தாள் என்ற கேள்வியே எழாது. திறமை, செயல் ஆகியவற்றுக்கு முன் பெரும்பாலும் 'அட்' வரும். பாடம், துறை என்றால் 'இன்' என்பதும் இயல்பு. இந்த இடங்களில் 'எக்ஸெல் ஆன்' என்று மட்டும் எழுதக் கூடாது. எழுத்திலும் கவனம் தேவை: 'எக்ஸெல்ட்', 'எக்ஸெலிங்' இரண்டிலும் 'எல்' இரட்டிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் "ஹி எக்ஸெல்ட் ஹிம்செல்ஃப்" என்பார்கள். தன் வழக்கமான தரத்தையே மிஞ்சிவிட்டார் என்று பொருள். இங்கே எக்ஸெல், சர்பாஸின் வேலையைச் செய்கிறது.

வேலைக்கான விண்ணப்பத்தில் எக்ஸெல்லையே பரிந்துரைப்பேன். பிறரைத் தாழ்த்தாமல் தன் திறமையைச் சொல்லும் கண்ணியம் அதற்கு உண்டு. எண்களோடு இலக்கைத் தாண்டியதைக் காட்டும் வரிகளுக்கு மட்டும் சர்பாஸ்.