அழிந்த படங்களை மீட்க போட்டோரெக்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

மெமரி கார்டில் அழிந்துபோன படங்களை மீட்க நான் பல ஆண்டுகளாக நம்பியிருப்பது போட்டோரெக் மென்பொருளைத்தான். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது. இலவசம், திறந்த மூலம் (அதன் நிரல் எல்லோரும் பார்க்கக்கூடியது). விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் ஒரு பிரிவை, மீட்கும் டெஸ்ட்டிஸ்க்கும் இதே தொகுப்பில் வருகிறது. கல்யாணங்களில் படம் எடுக்கும் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவினர்கள் என்று யார் கார்டைக் கொண்டுவந்தாலும் முதலில் இதில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

கேமராவில் ஒரு படத்தை அழித்தால் உண்மையில் நடப்பது மிகக் கொஞ்சம். ஃபேட்32 முறையில் கோப்புகளை அடுக்கும் கார்டு என்றால், கோப்புப் பட்டியலில் அந்தப் படத்தின் பெயருடைய முதல் பைட் இ5 என்று மாறும். அந்த இடம் காலி என்று குறிக்கப்படும். அவ்வளவுதான். படத்தின் தரவு அதே இடத்தில் அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை. கேமராவின் சாதாரண ஃபார்மட்டும் பெரும்பாலும் பட்டியலைத்தான் புதிதாக்குகிறது. போட்டோரெக் இந்தப் பட்டியலை நம்புவதே இல்லை. கார்டை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தைத் தேடுகிறது. ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகள். அதனால்தான் ஃபார்மட் செய்த கார்டிலும், பட்டியலே சிதைந்துபோன கார்டிலும் இது வேலை செய்கிறது. கேனன், நிக்கான், சோனி கேமராக்களின் ரா கோப்புகளையும் (சுருக்கிப் பதப்படுத்தாத மூலப் படங்கள்) கண்டுபிடித்துவிடும்.

ஆனால் இத்தனை நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: படம் திரும்ப வருவதும் வராததும், கார்டு என் கைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தாலி கட்டும் நேரத்துப் படங்கள் அழிந்துவிட்டன என்று தெரிந்த நொடியில் கார்டைக் கழற்றி, மேலும் எழுதவிடாமல் தடுக்கும் அதன் பூட்டு விசையைத் தள்ளி வைத்தவர்களுக்கு அநேகமாக எல்லாமே கிடைத்திருக்கின்றன. அதே கார்டில் ரிசப்ஷனையும் எடுத்து முடித்தவர்களுக்குப் பாதிகூடத் தேறவில்லை. இதைவிட வருத்தம் தருவது, கம்ப்யூட்டரில் மீட்பு மென்பொருளை ஓட்டிவிட்டு, கிடைத்த படங்களை அதே கார்டிலேயே சேமிப்பது. மீட்ட ஒவ்வொரு படமும் இன்னும் மீட்காத ஒன்றின்மேல் போய் உட்கார்ந்துவிடும். போட்டோரெக் கார்டை வாசிக்க மட்டும் செய்கிறது. படங்களை எங்கே சேமிப்பது என்பது நம் தேர்வு. அங்கே வேறு டிஸ்க்கைக் கண்டிப்பாகக் காட்ட வேண்டும்.

விண்டோஸ் “இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டவும் வேண்டாம். அது பட்டியலைச் சரிசெய்கிறேன் என்று கார்டில் எழுதத் தொடங்கிவிடும்.

கார்டு வாசிக்கவே தடுமாறினால் நான் நேரடியாகப் போட்டோரெக்கை ஓட்டுவதில்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் தேடுகிறேன். போட்டோரெக் அப்படிப்பட்ட பிரதியையும் ஏற்கும். உயிர் ஊசலாடும் கார்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்காமல் இருப்பதற்கு இதுதான் வழி. பழைய யூஎஸ்பி 2 ரீடரில் 64 ஜிபி கார்டுக்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நல்ல யூஎஸ்பி 3 ரீடர் வாங்கிய பிறகு இந்தக் காத்திருப்பு நன்றாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. முதலாவது, கறுப்புத் திரையும் ஆங்கிலக் கேள்விகளுமாக இருக்கும் அதன் தோற்றம். பழகாதவர்கள் மிரண்டுபோவார்கள். சன்னல்களோடு வரும் க்யூபோட்டோரெக் இப்போது கூடவே கிடைப்பதால் மற்றவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன். இரண்டாவது, கோப்புகளின் பழைய பெயர் வராது. எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அந்த எண் கார்டில் அந்தப் படம் இருந்த இடத்தைக் குறிப்பது. புதிதாக ஃபார்மட் செய்து எடுத்த கார்டு என்றால் எண் வரிசையே ஏறக்குறைய எடுத்த வரிசையாகவும் அமைந்துவிடும். இல்லாவிட்டால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இருக்கிறது. படத்துக்குள் கேமரா எழுதிவைத்த தேதியையும் நேரத்தையும் எடுத்துப் பெயராக வைத்துவிடும். பழைய பெயரே வேண்டும், அழித்துச் சிறிது நேரம்தான் ஆகிறது என்றால் விண்டோஸில் ரெக்குவா என்ற மீட்பு மென்பொருளை முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அது பட்டியலையும் பார்ப்பதால் பெயரோடு மீட்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது குறைதான் பெரியது: வீடியோ. ஒரு கோப்பு கார்டில் துண்டு துண்டாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருந்தால் போட்டோரெக்கால் அவற்றைக் கோக்க முடிவதில்லை. படங்கள் சிறியவை, பெரும்பாலும் ஒரே தொடர்ச்சியாக இருக்கும். நீண்ட வீடியோ அப்படி இருக்குமென்று சொல்ல முடியாது. மீட்ட எம்பி4 கோப்பு சரியான அளவில் இருந்தும் ஓடாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சில நேரம் முழுப் படம் சிதைந்திருக்கும், அதற்குள் கேமரா பதித்துவைத்த சிறு முன்னோட்டம் மட்டும் பிழைத்திருக்கும். டி என்ற எழுத்தில் தொடங்கும் கோப்புகள் அவை, தபால்தலை அளவு. தேவையில்லை என்று மொத்தமாக நீக்கிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அவர் அப்பாவின் கடைசிப் பொங்கல் படங்களில் அதுதான் மிஞ்சியது. “முகம் தெரியுதே தம்பி, போதும்” என்று வாங்கிக்கொண்டார்.

போன் விஷயம் முற்றிலும் வேறு. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களின் உள் நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது. கம்ப்யூட்டரில் இணைத்தாலும் ஒரு டிஸ்க்காகத் தெரியாது. அங்கே போட்டோரெக்குக்கு வேலையே இல்லை. ஐபோனிலும் அப்படித்தான். முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அழித்த பிறகும் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோனிலும் 30 நாள் வரை கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தியிடமோ மாமாவிடமோ கேளுங்கள். தரம் குறைந்த பிரதியாவது யாரிடமாவது இருக்கும். போனில் போட்டிருந்த எஸ்டி கார்டை மட்டும் கழற்றி மீட்கலாம். அதையும் உள் நினைவகமாக மாற்றி வைத்திருந்தால் அதுவும் மறையாக்கம் ஆகியிருக்கும். லேப்டாப் எஸ்எஸ்டியிலும் நம்பிக்கை குறைவு: விண்டோஸ் 7 முதலே, அழித்த இடம் எது என்று ட்ரிம் கட்டளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது, அதுவும் அந்த இடத்தைத் துடைத்துவிடும்.

பணம் கேட்கும் மென்பொருள்களில் சில தேடலை இலவசமாக நடத்தி, சேமிக்கும்போது கட்டணம் கேட்கும். முன்னோட்டத்தில் படம் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். அதற்கு முன் போட்டோரெக்கை ஒரு முறை ஓட்டிவிடுவது நல்லது. ரீடரில் போட்டும் கம்ப்யூட்டர் கார்டின் கொள்ளளவைக்கூடக் காட்டவில்லை என்றால் எந்த மென்பொருளும் உதவாது. சிப்பிலிருந்து நேரடியாகப் படிக்கும் ஆய்வகம்தான் வழி. அங்கே கொடுக்கும் முன், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.