திருநெல்வேலிக்குப் பறக்க மதுரையா, வாகைகுளமா?

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கும் நெல்லைக்காரர் விமானத்தில் ஊருக்குப் போக வேண்டுமானால், தெற்கே போவதற்காக முதலில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். விமான நிலையம் உள்ள தேவனஹள்ளி இருக்கும் இடம் அப்படி. வாயு வஜ்ரா என்ற விமான நிலைய பஸ்ஸில் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இன்னும் கூட ஆகும். மதுரைக்குப் பறந்தாலும் தூத்துக்குடிக்குப் பறந்தாலும் இந்தத் தண்டனை பொது. அதை விட்டுவிடலாம்.

நேர்கோட்டில் அளந்தால் பெங்களூரிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 375 கிலோமீட்டர். தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைகுளம் ஏறத்தாழ 500. பயண நேரம் மதுரைக்கு ஒன்றே கால் மணியை ஒட்டியும், வாகைகுளத்துக்கு ஒன்றரை மணியை ஒட்டியும் இருக்கும். தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடியும் நேரம் ஏன் அந்த அளவு கூடவில்லை? டிக்கெட்டில் போடும் நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அவை மாறாது. இந்தத் தடங்களில் ஓடும் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கூடுதலான 125 கிலோமீட்டருக்கு அதற்குக் கால் மணி நேரம் போதும்.

அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் முதல் தடவை மதுரைக்கு டிக்கெட் போட்டேன். மதுரையிலிருந்து நெல்லைக்கு இன்னும் 150 கிலோமீட்டர் இருப்பதை யோசிக்கவே இல்லை. கார் வந்து காத்திருந்தால் மண்டேலா நகர், கப்பலூர், திருமங்கலம் என்று நாலு வழிச்சாலையைப் பிடித்து இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். எனக்குக் கார் இல்லை. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே. நெல்லை பஸ் கிளம்பும் மாட்டுத்தாவணியோ வடகிழக்கு மூலையில். இரண்டு பையோடு ஊரைச் சுற்றி, பஸ் ஏறி, வீட்டுக் கதவைத் தட்டும்போது நடுராத்திரி. "இதுக்கு ரயில்லயே வந்திருக்கலாம்லா?" என்றாள் அம்மா. நியாயம்தான். சாயங்காலம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் தூங்கி எழும்போது ஜங்ஷன் வந்திருக்கும்.

வாகைகுளத்திலிருந்து நெல்லை 35 கிலோமீட்டர் போல. வல்லநாடு பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை வந்த மாதிரிதான். முக்கால் மணி நேரம். ஆகாயத்தில் இழந்த கால் மணியைத் தரையில் ஏழு மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆனாலும் மதுரையை அடியோடு தள்ள மாட்டேன். அங்கே விமானங்கள் அதிகம். ஒன்று ரத்தானால் இன்னொன்றைப் பிடிக்கலாம். வாகைகுளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையும் இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல். இருந்தும் விமானங்கள் குறைவு, நமக்குத் தோதான நேரம் அமைவது அதிர்ஷ்டம். இன்னொன்று: ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டி சின்னது. டிராலி பையை வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள், உடையும் சாமானை அதில் வைக்காதீர்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, மதுரைதான். தென்காசிக்காரர்கள் வாகைகுளத்தோடு திருவனந்தபுரத்தையும் ஒரு தடவை பார்க்கலாம், மலைப்பாதை வளைவுகள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால்.