எட்டிமான்லைன் அகராதி: ‘சாட்டர்னைன்’ என்ற சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதையை அறிய விரும்புவோருக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய எட்டிமான்லைன் இணைய அகராதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். அதன் தரத்தை அறிய, சிரிப்பின்றி இறுகிய முகமும் மந்தமும் கொண்ட இயல்பைக் குறிக்கும் ‘சாட்டர்னைன்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாலே போதும்.

பதிவு சில வரிகள்தான். இச்சொல் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது என்றும், சனிக் கோளின் ஆதிக்கத்தில் பிறந்தவர் என்பதே அதன் நேர்ப்பொருள் என்றும் கூறுவதோடு நில்லாமல், காரணத்தையும் விளக்குகிறது. அன்று அறியப்பட்டிருந்த கோள்களில் சனியே மிகத் தொலைவில் இருந்தது. ஆகவே குளிர்ச்சியும் மெதுவான ஓட்டமும் அதற்கு உரியவை என்றும், அதன் ஆதிக்கத்துக்கு உட்பட்டவரின் இயல்பும் அவ்வாறே அமையும் என்றும் இடைக்கால ஐரோப்பியர் நம்பினர்.

தமிழ் வாசகருக்கு இவ்விடம் தனிச் சுவை உடையது. மெதுவாகச் செல்பவன் என்று பொருள்படும் சனைச்சரன், மந்தன் ஆகிய பெயர்கள் நம் சோதிட நூல்களிலும் சனிக்கு உண்டு. சூரியனைச் சுற்றிவர அக்கோள் ஏறத்தாழ 29½ ஆண்டுகள் எடுத்துக்கொள்வதால், ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டுகள் தங்குகிறது. மூன்று ராசிகளுக்குமான கணக்கே வீட்டுக்கு வீடு அஞ்சப்படும் ஏழரைச் சனி. ஆங்கிலத்தில் சனிக் கோளுக்குப் பெயர் தந்த சாட்டர்ன் தெய்வத்துக்குப் பழைய ரோமில் டிசம்பரில் எடுத்த விழாவோ, அடிமைகளும் எசமானரோடு கூடிக் களித்த கொண்டாட்டம். அத்தெய்வத்தின் பெயரே கடுமுகத்துக்கு அடையாளமாகிவிட்டது வியப்புக்குரியது.

குறையும் உண்டு. ஆக்ஸ்போர்டு பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் நூற்றாண்டு வாரியாக மேற்கோள்களை அடுக்கித் தருவதைப் போல இதில் எதிர்பார்க்க முடியாது. தரப்படும் ஆண்டும் எழுத்துச் சான்று கிடைக்கும் காலமே அன்றி, சொல் பிறந்த நாள் அன்று. மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அடுத்து, ஆழ்ந்த சோகத்தைக் குறிக்கும் ‘மெலன்கலி’யையும் தேடுங்கள். கரும்பித்தம் என்ற கிரேக்கப் பொருளில் பிறந்த அச்சொல்லோடும் இடைக்கால மருத்துவர்கள் சனியையே இணைத்தனர் என்பதால், இரு பதிவுகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது.